நாங்கள் எடுக்காத படங்கள்

“நான் எடுக்காத படம் என் போன்ல எப்படிடி வரும்?”

அம்மா என்னிடம் இதை முதன்முதலில் கேட்டது மாட்டுப் பொங்கல் அன்று. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனசு வரவில்லை. பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தேன்.

அன்று அம்மா போனில் வந்து கிடந்தது ஒரு ரயில்வே கேட். மூடிய கேட்டுக்கு இந்தப் பக்கம் பஸ்ஸும் லாரியும் வரிசையாக நிற்கின்றன. படத்தை விரலால் மேலே தள்ளினால் தேதி, நேரம், ஊர்ப் பெயர் எல்லாம் வந்தன. நீடாமங்கலம். எங்கள் வீட்டிலிருந்து யாரும் அந்தப் பக்கம் போயே இரண்டு வருடம் இருக்கும்.

அதற்குப் பிறகு இரண்டு நாளைக்கு ஒன்று, மூன்று நாளைக்கு ஒன்று என்று படங்கள் வந்தன. பாதி குடித்த டீ கிளாஸ். கயிற்றுக் கட்டிலுக்குக் கீழே தூங்கும் நாய். அந்தி வெளிச்சத்தில் ஒரு வயல். ஒன்றில்கூட மனித முகம் கிடையாது.

அம்மாவுக்கு முதல் படத்திலேயே தோன்றிவிட்டது என்று நினைக்கிறேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது.

அண்ணன் அறிவுமதி வீட்டை விட்டுப் போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. இன்ஜினியரிங் கடைசி வருடத்தில் படிப்பை விட்டுவிட்டு வந்து நின்றான். அப்பா ரெத்தினம் கடைத்தெருவில் நாலு பேர் பார்க்கக் கை நீட்டிவிட்டார். எங்கள் தாத்தா அடுத்தவர் வயலில் காலமெல்லாம் குனிந்தே இருந்தவர். அப்பா ஒரு ஏக்கர் சொந்தமாகவும் மூன்று ஏக்கர் குத்தகைக்குமாக நிமிர்ந்தவர். மகன் மேசை முன்னால் நாற்காலி போட்டு உட்காருவான் என்று ஊர் பூராவும் சொல்லி வைத்திருந்தவர். அன்று இரவே அண்ணன் போய்விட்டான். போன் நம்பரையும் மாற்றிவிட்டான்.

இந்தப் படங்கள் அவனுடையவை என்றால், அம்மாவிடம் அவனைப் பற்றி இருந்த தகவல் அவ்வளவுதான். நாய் தூங்குகிறது, டீ குடித்திருக்கிறான், உயிரோடு இருக்கிறான்.

எட்டு நாளாக அதுவும் நின்றுவிட்டது.

அதற்குப் பதிலாக அம்மா போனில் சிவப்பில் ஓர் அறிவிப்பு வந்து நின்றது. இடம் நிரம்பிவிட்டதாம். எந்த இடம், யாருடைய இடம் என்று அதில் இல்லை. அம்மா தினமும் காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் போனைத் திறந்து பார்ப்பாள், மூடி வைப்பாள். ஏழாவது நாள் சோறு இறங்கவில்லை. எட்டாவது நாள், அதாவது இன்று, புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

இன்று எங்கள் குத்தகை வயலில் அறுப்பு. அப்பா விடிவதற்கு முன்னாலேயே போய்விட்டார். ஏஜெண்ட் சாரங்கபாணி அனுப்பிய அறுப்பு மிஷின் ஒன்பது மணிக்குள் வந்து இறங்கும் என்று பேச்சு. ரேஷன் கடைக்குப் போய் வருகிறோம் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு நாங்கள் திருக்காட்டுப்பள்ளிக்கு பஸ் ஏறினோம்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே சித்தீக் அண்ணன் கடை. ஜெராக்ஸ், ரீசார்ஜ், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. எங்கள் அம்மா போன் வாங்கியபோது மெயில் போட்டுக் கொடுத்ததும் அவர்தான். வீட்டுக்கு ஒரு மெயில் போதும் என்பது அவர் கொள்கை. சுற்று வட்டாரத்தில் பாதிக் குடும்பங்களுக்கு அப்படித்தான், கேஸ் சிலிண்டர் மாதிரி வீட்டுக்கு ஒன்று. அம்மா, அண்ணன், நான், ஆட்டுக்கு எடுத்த இன்சூரன்ஸ் எல்லாமே ஒரே மெயிலில் ஓடின.

சனிக்கிழமை என்பதால் கடையில் அவர் மகள் ஆமினா உட்கார்ந்திருந்தாள். பத்தாவது வரை என்னோடு படித்தவள். நான் அதோடு நின்றுவிட்டேன், அவள் தஞ்சாவூரில் பி.சி.ஏ. படிக்கிறாள். என்னைப் பார்த்ததும், வாயைத் திறந்தால் முத்து கொட்டிவிடும் என்று இன்னும் மூடியே வைத்திருக்கிறாயா என்று கேட்டாள். நான் சிரித்தேன்.

அம்மா போனை நீட்டி விஷயத்தைச் சொன்னாள். மகன் என்று சொல்லவில்லை. யாரோ என்றாள்.

ஆமினா படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, இவையெல்லாம் இந்த போனிலேயே இல்லை என்றாள். அம்மா போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணுக்கு எதிரே தெரிவதை இல்லை என்றால் எப்படி?

“வேற எடத்துல இருக்கும்மா. பெரிய பெரிய கட்டடம். அதுக்குள்ள வரிசை வரிசையா கம்ப்யூட்டர், ராத்திரி பகலா ஓடிக்கிட்டே இருக்கும். நீங்க எடுக்குற படம் இன்டர்நெட் வழியா அங்க போயி உக்காந்துக்கும். நீங்க தொட்டா அங்கேருந்து வந்து காட்டும். கிளவுடுன்னு பேரு. பேரக் கேட்டுட்டு வானத்தப் பாக்காதீங்க, எல்லாம் தரையிலதான் இருக்கு.”

அந்தக் கட்டடம் எந்த ஊரில் என்று அம்மா கேட்டாள். ஆமினாவுக்கே சரியாகத் தெரியவில்லை. சென்னையாக இருக்கலாம், மும்பையாக இருக்கலாம், சிங்கப்பூராகவும் இருக்கலாம் என்றாள். ஒரே இடத்தில் வைக்க மாட்டார்களாம். ஓர் இடத்தில் தீப்பிடித்தாலும் கரண்ட் போனாலும் இன்னொரு இடத்தில் அதே படம் இருக்குமாம்.

அம்மா அதில் சட்டென்று சமாதானம் ஆகிவிட்டாள். மழைக்குப் பயந்து இரண்டு இடத்தில் நாற்று விடுகிறவளுக்கு அது புரியாமல் போகுமா? ஆனால் கம்ப்யூட்டர் யாருடையது என்பது அவளுக்கு இடித்தது.

“அவங்களோடதும்மா. நாம வாங்கல. நமக்கு வேணுங்கிற எடத்த மட்டும் எடுத்துக்குறோம். கொஞ்சம் எடம் சும்மா குடுப்பாங்க. அதுக்கு மேல வேணும்னா மாசா மாசம் வாடகை. வேண்டாம்னா விட்டுடலாம். ரிப்பேர் பாக்குறது, புதுசு வாங்குறது எல்லாம் அவங்க பாடு.”

“அறுப்பு மிஷின் மாதிரியா?” என்றாள் அம்மா.

ஆமினா புரியாமல் பார்த்தாள்.

“நம்ம தெருவுல எவன் வீட்டு வாசல்ல பாப்பா அறுப்பு மிஷின் நிக்குது? தை பொறந்தா எங்கேருந்தோ வருது. அரை ஏக்கர்க்காரனுக்கும் அறுக்குது, அம்பது ஏக்கர்க்காரனுக்கும் அறுக்குது. ஓடுன மணிக்குக் காசு. பெல்ட்டு அறுந்தா அவன் பாத்துக்குறான். நாமளா வாங்கினா வருசத்துல பத்து மாசம் அதுல கோழிதான் அடையும்.”

 ஆமினா ஒரு பழைய ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் அதை எழுதிக்கொண்டாள். திங்கட்கிழமை வகுப்பில் செமினார் இருக்கிறதாம், மூன்று நாளாக நெட்டில் தேடியும் இப்படி ஒன்று கிடைக்கவில்லையாம்.

அம்மா அத்தோடு விடவில்லை. இந்த ஒரு மாதமாக அவள் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்த பதில் ஒன்று இருந்தது. அதை அப்போதுதான் வெளியே எடுத்தாள்.

“போன வருசம் மேலத்தெரு வயல்ல அறுத்துட்டு நேரா நம்ம வயல்ல எறக்குனான். மொத மூட்டை பூரா அவங்க குண்டு நெல்லு கலந்து கெடந்துச்சு. மிஷின் வயித்துல மிச்சம் இருந்தது நமக்கு வந்துடுச்சு. அது மாதிரி இது எவன் படமோ, தப்பி வந்து நம்ம போன்ல கெடக்குன்னு வெச்சிக்கலாமா?”

அம்மா இதை ஆமினாவைப் பார்த்துக் கேட்கவில்லை. கவுண்டர் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டாள். ஆம் என்று சொல்லிவிட்டால் நம்பிக்கை போய்விடும், இல்லை என்று சொல்லிவிட்டால் எட்டு நாளாக அவனுக்கு என்ன ஆயிற்று என்ற பயம் நிஜமாகிவிடும்.

கலக்காது என்றாள் ஆமினா. ஒரே கம்ப்யூட்டரில் ஆயிரம் பேர் படம் இருந்தாலும் ஆளுக்கு ஒரு பூட்டு. நம் சாவி வைத்திருப்பவர் போட்டால்தான் நம்மிடம் வரும். அவள் கடை கம்ப்யூட்டரில் எங்கள் மெயிலைத் திறந்து, எந்தெந்தக் கருவியில் அது ஓடுகிறது என்ற பட்டியலைக் காட்டினாள். ஒன்று அம்மா போன், நானும் அதைத்தான் பார்க்கிறேன். ஒன்று இந்தக் கடை. மூன்றாவது ஒரு போன், கடைசியாகத் திறந்தது இன்று காலை.

அந்த போனின் கம்பெனிப் பெயரை நான் படித்தேன். அண்ணன் போகும்போது வைத்திருந்தது அதுதான். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கவுண்டரைப் பிடித்துக்கொண்டாள்.

ஆமினாவுக்கு எங்கள் வீட்டுக் கதை தெரியும். ஊரில் யாருக்குத்தான் தெரியாது? அவள் எதுவும் கேட்காமல், ஒரு ஸ்டூலை இழுத்து அம்மா பக்கம் தள்ளினாள்.

“அவரு நம்பரத்தான் மாத்தியிருக்காரு, மெயில மாத்தல. அதனால உங்க போன்ல நீங்க எடுக்குற படமெல்லாம் அவரு போன்லயும் தெரிஞ்சுக்கிட்டுதான் இருக்கும்.”

அப்படியானால் அவன் படம் இத்தனை மாதம் ஏன் வரவில்லை என்று நான் கேட்டேன். இன்று காலையில் நான் பேசிய முதல் வாக்கியம் அதுதான். பார்ப்பது வேறு, அனுப்புவது வேறு என்றாள் ஆமினா. அனுப்புவதற்கு ஒரு பொத்தானைத் தட்டி வைக்க வேண்டும். பொங்கலன்று அவன் தட்டியிருக்கிறான். தெரியாமல் கை பட்டிருக்கலாம், தெரிந்தும் தட்டியிருக்கலாம்.

அம்மாவின் யோசனை அங்கே இல்லை. பதினாலு மாதத்தில் அவள் எடுத்த படங்களுக்குள் அவள் போய்விட்டாள். ஆடு இரண்டு குட்டி போட்டது. அப்பா காலில் மண்வெட்டி பட்டுக் கட்டுப் போட்டிருந்தது. எங்கள் வீட்டுச் சுவரில் மழைத் தண்ணீர் ஏறிய அடையாளம். தீபாவளிக்கு வாங்கிய வேட்டியை அப்பா கட்டாமல், மடிப்புக் கலையாமல் அலமாரியில் வைத்தது.

“எல்லாத்தையும் பாத்துக்கிட்டுதான் இருந்திருக்கான்,” என்றாள் மெதுவாக.

இனி விஷயம் எளிது, ஆனால் கஷ்டம். எங்களுக்குக் கிடைத்த இடம் மூன்று பேருக்கும் பொதுவானது. அது நிரம்பிவிட்டது. அதனால் அவன் எடுக்கும் படம் அவன் போனிலேயே நின்றுகொண்டிருக்கிறது. வாடகை கட்டி இடம் வாங்கலாம் என்றால் அதற்குரிய கார்டு எங்களிடம் இல்லை. இருப்பதை அழித்தால் இடம் கிடைக்கும். ஆனால் இங்கே அழித்தால் அங்கேயும் போய்விடும்.

“ரெண்டு எடத்துல வெச்சிருக்காங்கன்னு சொன்னியே?” என்று அம்மா கேட்டாள்.

அது அவர்கள் கட்டடத்தில் தீப்பிடித்தால்தானாம். சாவி வைத்திருப்பவரே எடுத்து வெளியே போட்டால் எல்லா இடத்திலிருந்தும் போய்விடுமாம்.

அதிக இடம் அடைத்துக்கொண்டிருந்தவற்றை ஆமினா வரிசைப்படுத்தினாள். அண்ணன் கல்லூரியில் எடுத்து அப்போதே ஏற்றி வைத்த வீடியோக்கள் பதினெட்டு. அதைத் தொடாதே என்றாள் அம்மா. அவன் பொருளை நாம் அழித்தால், நம்மையும் துடைத்துப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துவிடுவான். அடுத்தது என் சடங்கு வீடியோ.

“நாலு ஜி.பி. இருக்கேடி நீ,” என்றாள் ஆமினா. “சினிமாப் பாட்டெல்லாம் போட்டுப் பூவா கொட்ட விட்டிருக்காங்க.”

எனக்கே அதைப் பார்க்கக் கூச்சம். உடனே அழித்துவிடு என்றேன். அம்மா என் கையைப் பிடித்தாள். அந்த வீடியோவில்தான் அண்ணன் இருக்கிறான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தியில் சாம்பார் வாளியோடு வருவான், கேமராவைப் பார்த்ததும் வெட்கப்பட்டுத் திரும்பிக்கொள்வான். அவன் முகம் சிரித்தபடி இருக்கும் வீடியோ எங்களிடம் அது ஒன்றுதான். ராத்திரியில் அம்மா அந்த இடத்தை மட்டும் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்ப்பது எனக்குத் தெரியும்.

ஆமினா காத்திருந்தாள். பென்டிரைவில் எடுத்துக் கொடுக்கவா என்றாள். பிறகு தேடிப் பார்த்து, கடையில் இருந்த ஒன்றில் வேறு ஒருவரின் ஆவணங்கள் இருப்பதாகச் சொன்னாள். திங்கட்கிழமை புதிது வரும். அதுவரை பொறுக்கலாமா?

அம்மா சிவப்பு அறிவிப்பைப் பார்த்தாள்.

“பழசுல சிரிச்சது இருக்கட்டும். இன்னிக்கு எப்படி இருக்கான்னு எனக்குத் தெரியணும். வர்றதுக்கு எடம் வுடு பாப்பா.”

ஆமினா அழித்தாள். குப்பைத் தொட்டியிலிருந்தும் எடுக்க வேண்டும் என்று சொல்லி, அங்கேயும் அழித்தாள். சிவப்பு எழுத்து மறைந்தது.

கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஒருவர் வந்து ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனார். அம்மா ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், மடியில் போன்.

பிறகு ஒரு படம் வந்தது. உடனே இன்னொன்று. மதகைத் தூக்கிவிட்ட மாதிரி, எட்டு நாளாகத் தேங்கியிருந்தது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தது. கறை படிந்த கைலி கொடியில் காய்கிறது. அதே நாய், இப்போது விழித்திருக்கிறது. கிரீஸ் அப்பிய ஒரு கை, விரலில் பிளாஸ்திரி. அம்மா அந்தக் கையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு வயல்கள், நிறைய வயல்கள், எல்லாம் உயரத்திலிருந்து.

“மாடியிலேருந்து எடுத்திருக்காரா?” என்றாள் ஆமினா.

இல்லை என்று அம்மா தலையாட்டினாள். வயலுக்கு நடுவில் மாடி ஏது? பாதி அறுத்திருக்கிறது, பாதி நிற்கிறது. அறுத்த பக்கம் சங்கிலித் தடம். “மிஷின் மேல உக்காந்து எடுத்தது,” என்றாள்.

கடைசிப் படம் மற்றவற்றைவிடத் தாமதமாகத் திறந்தது. முதலில் மங்கலாக, பிறகு தெளிவாக.

விளைந்த வயல். வரப்பில் கையைக் கட்டிக்கொண்டு ஒருவர் வேறு பக்கம் பார்த்தபடி நிற்கிறார். தலையில் துண்டு, முழங்காலுக்கு மேல் மடித்த வேட்டி, கணுக்காலில் மண்வெட்டித் தழும்பு. அப்பா. நேரம், இன்று காலை ஒன்பது ஐம்பத்திரண்டு. இடம், எங்கள் ஊர்.

அம்மா எழுந்துவிட்டாள். பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. ஆட்டோ பிடித்தோம். வழியெல்லாம் அம்மா ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்பாவுக்குத் தெரிந்துவிடக் கூடாது. தெரிந்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் அவன் போய்விடுவான், இந்த முறை மெயிலையும் மாற்றிவிட்டுப் போய்விடுவான். பார்த்துவிட்டு மட்டும் வந்துவிடலாம். என்னை எதுவும் பேச வேண்டாம் என்றாள். நான் என்றைக்குப் பேசினேன்?

நாங்கள் வயலை அடைந்தபோது அறுப்பு முடியும் தறுவாயில் இருந்தது. ஒரே தூசி. மிஷின் கடைசி வளைவைத் திரும்பி வந்து, விரித்திருந்த தார்ப்பாயில் நெல்லைக் கொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டுகிறவன் முகத்தைக் கண் மட்டும் தெரியும்படி நீலத் துண்டால் சுற்றியிருந்தான். தூசிக்கு எல்லா டிரைவர்களும் அப்படித்தான் கட்டுவார்கள். எங்களைப் பார்த்ததும் அவன் தலை சட்டென்று மறுபக்கம் திரும்பியது. சாம்பார் வாளியோடு திரும்பிய அதே திருப்பம்.

பக்கத்து வீட்டில் சொன்னது அப்பா காதுக்கு வந்திருக்க வேண்டும். ரேஷன் கடையில் கூட்டம் இல்லையா என்று கேட்டார்.

 நெல்லைப் படம் எடுக்க வந்தேன் என்றாள் அம்மா. “அம்பாரத்துக்குப் பக்கத்துல நில்லுங்க, ஒண்ணு எடுத்துக்குறேன்.”

அப்பா படத்துக்கு நிற்கிற ஆள் இல்லை. கல்யாணப் படத்திலேயே பாதி முகம்தான். ஆனால் இன்று ஒன்றும் சொல்லாமல் போய் நின்றார். அதோடு, அம்மா போனைத் தூக்கியதும், இரண்டு அடி இடது பக்கம் நகர்ந்துகொண்டார். அவர் மறைத்திருந்த மிஷின் இப்போது படத்துக்குள் முழுதாக வந்தது. மேலே நீலத் துண்டும் வந்தது.

அம்மா எடுத்தாள்.

படத்தின் ஓரத்தில் ஒரு சின்ன வட்டம் சுழன்றுகொண்டிருந்தது. வயலில் சிக்னல் ஒரு கோடுதான். அம்மா அந்த வட்டத்தையே பார்த்தாள், நானும் பார்த்தேன். அந்தப் படம் இங்கிருந்து கிளம்பி, பேர் தெரியாத ஏதோ ஊரில், நாங்கள் பார்த்தே இராத ஒரு கட்டடத்துக்குப் போய், அங்கிருந்து திரும்பி, எங்களுக்கு முப்பது அடி தள்ளி உட்கார்ந்திருக்கும் அண்ணனிடம் வந்து சேர வேண்டும். கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

வட்டம் நின்றது.

அம்மா தன் போனை உயர்த்தி, மிஷின் பக்கமாகக் காட்டி, விரலால் ஒரு தட்டு தட்டினாள். மேலே இருந்தவன் கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். பார்த்தான். இஞ்சினை அணைத்தான்.

அவ்வளவு சத்தமும் நின்றதும் காது அடைத்த மாதிரி இருந்தது. அவன் இறங்கி வரவில்லை. போனிலிருந்து தலையையும் எடுக்கவில்லை.  பதினாலு மாதமாகச் சொல்லாத பெயர், அப்பா பக்கத்தில் நிற்க, அம்மாவின் வாயிலிருந்து வெளியே வர மறுத்தது.

அப்பாதான் பேசினார். குனிந்து ஒரு பிடி நெல்லை அள்ளி, உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“நாளைக்கு மேலண்ட வயல். அதுக்கும் இதே மிஷினத்தான் வரச் சொல்லியிருக்கேன். ஓட்டுற ஆளும் இதே ஆளா இருக்கணும்னு சாரங்கபாணிகிட்ட அப்பவே சொல்லிட்டேன்.”



“அப்பவேன்னா எப்ப?” என்றாள் அம்மா. “உங்களுக்கு எத்தினி நாளா தெரியும்?”

அப்பா கையில் இருந்த நெல்லை அம்பாரத்தின் மேல் போட்டார். தலையிலிருந்த துண்டை அவிழ்த்து, இரண்டு முறை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மிஷினை நிமிர்ந்து பார்க்கவில்லை. எங்கள் மூன்று பேரையும் அங்கேயே விட்டுவிட்டு, வரப்பில் ஏறி, வாய்க்கால் கரைப் பக்கமாக நடந்து போனார்.